தாளில் தெரியும் மாரடைப்பு

நள்ளிரவில் ஒரு சிறிய மருத்துவமனையிலிருந்து இதயநோய் வல்லுநரின் வாட்ஸ்அப்புக்கு ஓர் ஈசிஜி படம் வருகிறது. எஸ்டி பகுதி உயர்ந்திருக்கிறது. வயது, பாலினம், அதன்பின் ஒரே கேள்வி: "மருந்து போடலாமா?" நம் நாட்டில் பல இடங்களில் மாரடைப்புச் சிகிச்சை இவ்வாறே தொடங்குகிறது. இந்த விரைவு உயிர்களைக் காத்திருப்பதை நான் மறுக்கவில்லை. என் கவலை, அந்தப் படத்தில் நோயாளி இல்லை என்பதே.

உடலே நிலைகுலைந்தவரிடம் எஸ்டி உயர்வு இதயத் தமனி அடைப்பை மட்டும் குறிப்பதன்று. டயாலிசிஸைத் தவறவிட்ட சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியம் ஏறும்போது வி1, வி2 தடங்கள் மாரடைப்பைப் போலவே தோன்றக்கூடும். கூரிய டி அலையும் அகன்ற கியூஆர்எஸ்ஸும் உடனிருந்தால் ஐயம் எழவேண்டும். கால்சியம் குளுக்கோனேட் செலுத்திய சில நிமிடங்களில் அந்த 'மாரடைப்பு' கலைந்துபோவதும் உண்டு. மூளையுறைக்கு அடியில் இரத்தம் கசிந்தவரிடமும் இதே உயர்வு காணப்படலாம். அவருக்கு உறைவு கரைக்கும் மருந்தைச் செலுத்தினால் என்னவாகும் என்பதை இங்கு விளக்கத் தேவையில்லை.

இதயம் நின்று மீண்டவர்களைப் பற்றிய தரவு இன்னும் தெளிவானது. பாவியா, லுகானோ, வியன்னா மையங்களின் 370 நோயாளிகளைக் கொண்டு 2021இல் வெளிவந்த ஆய்வில், துடிப்பு மீண்ட முதல் 7 நிமிடங்களுக்குள் எடுத்த ஈசிஜிகளில் 18.5 விழுக்காடு பொய்யாக மாரடைப்பைக் காட்டின. 33 நிமிடங்களுக்குப் பின் எடுத்தவற்றில் இது 5.8 விழுக்காடே. ஆனால் நான் பார்த்த தாள்களில் துடிப்பு மீண்ட நேரம் குறிக்கப்பட்டிருப்பது மிக அரிது.

பழியை இரவுப்பணி மருத்துவர்மீது சுமத்துவது நியாயமன்று. தேர்வில் திரையில் ஒரு தாளைக் காட்டி ஒற்றைச்சொல் விடை கேட்பவர்கள் நாம்தாம். (நானும் அப்படித் தேறியவன்தான்.)

படத்துடன் நான்கு குறிப்புகள் கட்டாயமாகட்டும்: நினைவுநிலை, கடைசி டயாலிசிஸ், உடல் வெப்பநிலை, துடிப்பு மீண்டிருந்தால் அந்த நேரம். தாமதம் இதயத்தசையைக் கொல்லும் என்பார்கள், உண்மைதான். நெஞ்சுவலியோடு தெளிவாகப் பேசிக்கொண்டு வருபவருக்கு இவை எதையும் தேடி நிற்கவேண்டாம். மயங்கிக் கிடப்பவருக்கும் அதிர்ச்சிநிலையில் இருப்பவருக்கும் மட்டும் கேட்கிறேன். எழுத அரை நிமிடம் ஆகும்.