கொரோனா மரணக் கணக்கு: பதிவேட்டைத் திறக்க வேண்டும்

கொரோனா மரணக் கணக்கைத் தோண்டிய செய்தியாளர்கள் செய்தது குற்றமல்ல, ஊர்ப்பணி. திருத்தணி நுகர்வோர் மன்றத்தினராகிய எங்கள் நிலைப்பாடு இதுதான். இறப்புப் பதிவு எண்ணிக்கையை மாதந்தோறும் அரசே வெளியிட்டிருந்தால், யாரும் தோண்ட வேண்டியிருந்திருக்காது.

2020 ஜூனில் சென்னை மாநகராட்சிப் பதிவேடு ஒரு கணக்குச் சொன்னது. சுகாதாரத் துறையின் தினசரி அறிக்கை வேறு கணக்குச் சொன்னது. செய்தி வெளியானதும் அரசு குழு அமைத்தது. ஜூலை 22 அன்று, விடுபட்ட 444 மரணங்கள் பட்டியலில் ஏறின. சேர்த்ததைப் பாராட்டுகிறோம், கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். குஜராத்தில் திவ்ய பாஸ்கர் நாளிதழ் இறப்புச் சான்றிதழ்களை எண்ணியது. 2021 மார்ச் 1 முதல் மே 10 வரை சுமார் 1.23 லட்சம், முந்தைய ஆண்டு அதே காலத்தில் 58 ஆயிரம். அரசு அறிவித்த கொரோனா மரணமோ 4,218. கூடுதல் சாவெல்லாம் கொரோனா ஆகிவிடாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதைத் தீர்த்துக்கொள்ளவும் பதிவேடுதான் வேண்டும்.

கோவையில் நடந்தது வேறு. 2020 ஏப்ரலில் ரேஷன் வினியோக முறைகேடு பற்றியும் மருத்துவ மாணவர்களின் சாப்பாட்டுப் பிரச்சினை பற்றியும் எழுதிய சிம்ப்ளிசிட்டி இணைய இதழின் நிறுவனர் கைதானார். வழக்கில் 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டமும் இருந்தது. பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்காரன் போட்ட சட்டம், செய்தியாளர்மேல் பாய்ந்தது!

எல்லையோர ஊரான எங்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, மரணம் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவு. மூச்சுத் திணறலோடு போன திருத்தணிக்காரர் சென்னையில் இறந்தால் சென்னைக் கணக்கு. திருப்பதியில் இறந்தால் ஆந்திரக் கணக்கு. திருத்தணி நகராட்சிப் பதிவேட்டை எத்தனை முறை புரட்டினாலும் அவர் பெயர் இருக்காது. சான்றிதழிலும் சிக்கல்தான். கொரோனாவால் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஒப்புதல் அளித்தபோது, சான்றிதழில் கொரோனா என்று இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. அப்படிச் சொல்ல வேண்டி வந்ததே, சான்றிதழ்களின் லட்சணம் தெரிந்துதானே?

இறப்பு அறிக்கைப் படிவத்தில், இறந்தவர் வசித்த ஊரைக் கேட்கும் கட்டம் இருக்கிறது. ஆகவே ஊர்வாரிக் கணக்கு எடுக்க முடியும். 2018 முதல் 2022 வரை, மாதவாரியாக, வசித்த ஊரின்படி, பெயர்களை நீக்கிவிட்டுத் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் அதை வெளியிட வேண்டும். வெளியூர், வெளிமாநிலப் பதிவுகளைத் தமிழக அரசு கேட்டுப் பெற்றுத் தர வேண்டும். அதைக் கேட்டு எழுதும் செய்தியாளர்மேல் தொற்றுநோய்ச் சட்டத்தை இனி ஒருபோதும் ஏவக் கூடாது.