ஆள்காட்டி என்பது வசவு அல்ல

இரண்டு நாட்களுக்கு முன் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இன்னொருவரை "நீ ஒரு ஆள்காட்டிக் குருவி" என்று ஏசியிருந்தார். காட்டிக்கொடுக்கிறவன் என்று பொருளாம். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. சிரித்தவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. அதனால்தான் இந்தப் பதிவு.

நம் திருவண்ணாமலைக்கு (கிரிவலம் போகிற ஊர் அல்ல, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சீனிவாசப் பெருமாள் இருக்கிற மலை) புரட்டாசி சனிக்கிழமை இருட்டோடு நடந்து போனவர்கள் அந்தக் குரலைக் கேட்டிருப்பீர்கள். கறுத்த தலை, வெள்ளை வயிறு, நீண்ட மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தசை. ஆள் வாடை பட்டாலே கத்தித் தீர்த்துவிடும். வெள்ளைக்காரன் காதில் அது "டிட் ஹீ டூ இட்?" என்று கேட்டதாம். அதாவது, "அவனா செய்தான்?" குற்றமுள்ள நெஞ்சுக்கு எந்த மொழியிலும் அப்படித்தான் கேட்கும்!

சரி, அது யாரை யாருக்குக் காட்டுகிறது? மனிதனை மற்ற உயிர்களுக்குக் காட்டுகிறது. வலையோடு வந்தவனுக்குத்தான் அது துரோகி. வலையில் விழ இருந்த முயலுக்கும் கவுதாரிக்கும் அது காவல்காரன். குறுந்தொகையில், பாலை வழியில் ஆள் இருப்பதை வழிப்போக்கர்களுக்கு அறிவித்து உஷார்ப்படுத்துகிற கணந்துள் என்ற பறவை வருகிறது. அது ஆள்காட்டிதான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. நம் முன்னோர் அந்தக் குரலை உதவியாகக் கேட்டார்கள். நாம் வசவாக்கிவிட்டோம். அப்படியானால் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம்?

இதற்குக் கூடு கிடையாது. வெட்டவெளியில் நாலு சரளைக் கல்லுக்கு நடுவில் பெரும்பாலும் 4 முட்டை இடும். கோடை வெயிலில் வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். நாய் வந்தால் தலைக்கு மேலே பாய்ந்து பாய்ந்து விரட்டும். மேற்கே மலையில் சாம்பல் நிற அணிலுக்கு 1988-இல் சரணாலயம் வந்தது. 2021-இல் அது புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. சந்தோஷம். ஆனால் ஆள்காட்டி வாழ்கிற பொட்டலுக்கு நாம் வைத்திருக்கிற பெயர் தரிசு. தரிசு என்று சொல்லிவிட்டால் அங்கே யாரும் குடியில்லை என்று ஆகிவிடுகிறது. பிறகு கல் ஊன்றுவதும் ஜேசிபி விடுவதும் சுலபம்.

பெயரை மாற்றச் சொல்லவில்லை. ஆள்காட்டி நல்ல பெயர். அதன் பொருளைக் கெடுக்காதீர்கள் என்கிறேன். பங்குனி, சித்திரையில் மனை பார்க்கப் போகிறவர்கள், தலைக்கு மேல் அது கத்தினால் ஒரு நிமிடம் நின்று காலடியைப் பாருங்கள். அது உங்களைத் திட்டவில்லை, "இங்கே என் பிள்ளைகள் இருக்கின்றன" என்கிறது.

உங்கள் ஊரில் இதை எப்படிக் கூப்பிடுவீர்கள்? ஆக்காட்டியா, ஆட்காட்டியா? கீழே எழுதுங்கள். எமோஜி வேண்டாம்.