ஆந்தையின் கட்சி

சென்ற இதழில் பெர்ஸிஃபனி பற்றி எழுதிய நண்பர் போகிற போக்கில் அஸ்கலாஃபஸை 'காட்டிக்கொடுக்கும் ஜென்மம்' என்று தள்ளிவிட்டுப் போகிறார். புராண அகராதியில் இரண்டு வரி படித்துவிட்டுத் தீர்ப்பெழுதும் பழக்கம் நம்மிடையே வலுத்துவருகிறது.

அஸ்கலாஃபஸ் பாதாள நதி அக்கெரானின் மகன். ஹேடஸ் கடத்திவந்த பெர்ஸிஃபனி அங்கே மாதுளை முத்துகளைத் தின்றதைப் பார்த்தவன் அவன் ஒருவனே என்கிறார் ஓவிட். பார்த்ததைச் சொன்னான். பாதாளத்தில் எதையும் உண்ணாதிருந்தால்தான் அவள் திரும்பலாம் என்பது நிபந்தனை. இதை விதித்தவன் அஸ்கலாஃபஸா? பெண்ணைத் தூக்கிப்போனவனுக்கு ஆண்டில் பாதி மனைவி. பங்கு பிரித்த ஸீயஸுக்கு நடுநிலையாளன் என்ற பெயர். சாட்சிக்குத்தான் அலகும் இறகும். பெர்ஸிஃபனி ஃப்ளெகெதான் நதி நீரைத் தலையில் தெளித்து அவனை ஆந்தையாக்குகிறாள். அப்பொலொடோரஸ் பெயரில் வழங்கும் நூலில் தண்டனை இரட்டிப்பு: டிமீட்டர் அவன்மேல் பாறையை வைக்கிறாள், ஹெராக்ளிஸ் அதைப் புரட்டித் தள்ளினால், மறுபடி அவளே ஆந்தையாக்குகிறாள்.

ஹோமர் பெயரில் வழங்கும் டிமீட்டர் துதியில் இவன் இல்லவே இல்லை. ஹேடஸ் வற்புறுத்தித் தின்னவைத்ததைப் பெர்ஸிஃபனியே தாயிடம் சொல்லிவிடுகிறாள். ஆக, கதைக்கு ஒற்றன் அவசியமில்லை. பின்னால் வந்தவர்களுக்கு அவசியப்பட்டிருக்கிறான். கடவுளர்மேல் விழவேண்டிய பழியை இறக்கிவைக்க ஒரு சிற்றாள் வேண்டியிருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஓவிட்டுக்கே இதில் முழுச் சம்மதமில்லை. நாக்கால் தேடிக்கொண்ட தண்டனை என்று தோன்றலாம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார். அவரையே கி.பி. 8இல் அகஸ்டஸ் கருங்கடலோரத் தோமிஸுக்கு நாடுகடத்தினான். காரணம் ஒரு கவிதை, ஒரு பிழை. அந்தப் பிழை, பார்க்கக்கூடாத எதையோ தன் கண்கள் பார்த்தது என்று அங்கிருந்து எழுதினார். (உடனே ஆந்தைக்குள் ஓவிட்டைத் தேடக் கிளம்பவேண்டாம். கதை எழுதப்பட்டது அதற்கு முன்பு.)

அவன் வாயை மூடியிருந்தால் ஒரு பெண் வீடு திரும்பியிருப்பாளே என்பார் நண்பர். வாஸ்தவம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் வாயை மூடுவது எப்படிப்பட்ட காரியம் என்று எனக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன் முன்தேதியிட்ட வவுச்சர் ஒன்று என் மேஜையைத் தாண்டிப் போயிற்று. யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியும். விசாரிக்க வந்தவரிடம், "கவனிக்கலை சார்" என்றேன். பக்கத்து கவுண்டர்க்காரருக்கு மெமோ வந்தது. எனக்கு அலகு முளைக்கவில்லை. அந்த வருஷ இன்க்ரிமென்ட் தேதி தவறாமல் வந்தது.