சட்டைப்பையில் உறங்கும் அச்சம்

வெளிநாட்டில் உயர்கல்வி முடித்துத் திரும்பிய பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்திருந்தார். பேச்சு, வீடமைப்புப் பகுதிகளில் நிகழும் வழிப்பறியைப் பற்றித் திரும்பியது. மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தம் அன்னையாரின் கைப்பையைப் பறித்துச் சென்றதையும், அவர் கீழே விழுந்து தோளில் அடிபட்டதையும் வேதனையோடு கூறினார். பிறகு, "ஐயா, இது அமெரிக்காவாக இருந்திருந்தால் அம்மாவின் கைப்பையில் ஒரு சிறு துப்பாக்கி இருந்திருக்கும். பறிக்க வந்தவன் பாடம் கற்றிருப்பான். நம் நாட்டுச் சட்டந்தான் நல்லவர்களை வெறுங்கையர்களாக நிறுத்தி வைத்திருக்கிறது" என்றார்.

"கைப்பையோடு அந்தத் துப்பாக்கியும் அல்லவா பறிபோயிருக்கும்?" என்று கேட்க நாவெழுந்தது. துன்பத்தில் இருப்பவரோடு வாதிடுவது முறையன்று என அடக்கிக்கொண்டேன். அன்று சொல்லாத விடையை இன்று எழுதுகின்றேன். அந்த எண்ணம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. திரைப்படத்திலும் கைப்பேசித் திரையிலும் துப்பாக்கியை வீரத்தின் அடையாளமாகக் கண்டு வளரும் நம் மாணவர் பலரின் உள்ளத்தில் அது வித்தாக விழுந்து கிடக்கிறது. வித்து முளைவிடும் முன்னரே அதனை ஆராய்வது ஆசிரியர் கடமையன்றோ?

முதலில் பொருள் இன்னதெனத் தெளிவோம். அமெரிக்காவில் பொதுமக்கள் உடையினுள் மறைத்து எடுத்துச் செல்வதற்கென்றே சிறு கைத்துப்பாக்கிகள் செய்து விற்கப்படுகின்றன. சான்றாக, ரூகர் நிறுவனம் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட எல்.சி.பி. என்னும் துப்பாக்கியைக் கூறலாம். தோட்டா நிரப்பாத நிலையில் அதன் எடை ஏறத்தாழ 270 கிராம். குழலின் நீளம் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். உள்ளங்கையில் அடங்கும், காற்சட்டைப் பையில் பணப்பைபோல் கிடக்கும். கூட்டில் ஆறு தோட்டாக்கள், குழலில் ஒன்று. ஏழு உயிர்களுக்கு விலை கூறும் பொருள், ஒரு பாடநூலின் எடைகூட இல்லை.

இது இன்று தோன்றிய புதுமையும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிலடெல்பியா நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர் என்றி டெரிஞ்சர் செய்த சட்டைப்பைத் துப்பாக்கிகள் பெரும் பெயர் பெற்றன. ஒரே ஒரு முறை சுடக்கூடிய அத்தகைய துப்பாக்கியை மறைத்துக்கொண்டுதான் ஜான் வில்க்ஸ் பூத் 1865 ஏப்ரல் 14ஆம் நாள் வாசிங்டன் நகர நாடக அரங்கிற்குள் நுழைந்தான். நாடகம் பார்த்துக்கொண்டிருந்த ஆபிரகாம் லிங்கனின் தலையில் பின்னிருந்து சுட்டான். கோல்ட் நிறுவனம் 1908ஆம் ஆண்டில் விற்கத் தொடங்கிய குட்டித் துப்பாக்கிக்கோ 'வெஸ்ட் பாக்கெட்' என்றே பெயர். மேற்சட்டைப் பைக்கு உரியது என்பது பொருள்.

சட்டம் ஒரு காலத்தில் இவற்றை அஞ்சிற்று. எளிதில் மறைக்கத்தக்க சுடுகலன்களுக்கு உரிமம் வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 1911ஆம் ஆண்டிலேயே விதித்தது. பின்னர்க் காற்று மாறி வீசிற்று. விதித்த தகுதிகள் உடையவர் எவர் கேட்பினும் உரிமம் வழங்க வேண்டும் என்று புளோரிடா மாநிலம் 1987இல் சட்டம் இயற்றியது. பல மாநிலங்கள் அவ்வழியே சென்றன. தமக்குச் சிறப்பான தேவை இருப்பதை மெய்ப்பித்தாலன்றி ஆயுதத்தை மறைத்துச் செல்ல இயலாது என்ற நியூயார்க் விதியையும் 2022 ஜூன் மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. இன்று அங்குள்ள ஐம்பது மாநிலங்களுள் பாதிக்கும் மேற்பட்டவற்றில் உரிமம் ஏதுமின்றியே துப்பாக்கியை மறைத்துச் செல்லலாம்.

இனி, இதனைச் சுமப்பவர்களின் வாய்மொழியையே கேட்போம். எதிர்ப்பவர்கள் கூறுவதைக் காட்டிலும், உடையவர்கள் தம் பட்டறிவால் கூறுவது வலிய சான்றாகும்.

சிறிய துப்பாக்கி சுடும்போது கையைக் கடுமையாக உதைக்கிறது என்பது அவர்கள் கூறும் முதற்குறை. ஆயுதம் இலேசாக இருப்பதால் வெடியின் விசையைத் தாங்கவேண்டியது உள்ளங்கைதான். சில முறை சுட்டதும் கை வலிக்கிறது. ஆகவே பயிற்சிக்கு மனம் வருவதில்லை. இரண்டாவது, குறி. குழல் குட்டை, குறிபார்க்கும் முனைகளோ பெயரளவிற்கே உள்ளவை, விசையை நீண்ட தொலைவு அழுத்தி இழுக்கவேண்டும், இழுக்கும்போதே குறி விலகுகிறது. மூன்றாவது, பராமரிப்பு. பையில் சேரும் நூல்தூசும் வியர்வையும் உள்ளே புகுகின்றன, துருவேறுகிறது. பிடி தளர்ந்திருந்தால் அடுத்த தோட்டா சரிவர ஏறாமல் சிக்கிக்கொள்வதும் உண்டு. நான்காவது, இடம். துப்பாக்கி இருக்கும் பையில் சாவியோ காசோ இருத்தல் ஆகாது. விசையை முழுதும் மூடும் உறை கட்டாயம் வேண்டும். தவறினால் சுமப்பவரின் தொடையையே தோட்டா துளைக்கும். அமர்ந்திருக்கும்போது பையிலிருந்து அதனை விரைந்து எடுப்பதும் அரிது.

நடுங்கும் கை, தளர்ந்த பிடி, பதறும் நெஞ்சம் ஆகியவை தாக்கப்படுவோரின் இயல்பு. உறுதியான பிடி, தேர்ந்த பயிற்சி, அமைதியான மனம் ஆகியவை இவ்வாயுதத்தின் தேவை. எந்த நேரத்திற்காக ஒன்றை வாங்குகிறோமோ அந்த நேரத்தில்தான் அது மிகவும் கைவிடும் என்றால், அதனைக் காவல் என்று அழைப்பது தகுமா?

இத்தனை குறைகளையும் கூறுவோர் பிறகு ஏன் அதனைச் சுமக்கின்றனர்? அவர்கள் போற்றும் சிறப்பு ஒன்று உண்டு. "பையில் இருப்பதே தெரியாது, இருப்பதை மறந்தேவிடலாம்" என்பதே அச்சிறப்பு. ஆசிரியர்களே, மாணவர்களே! உயிரைப் போக்கும் கருவி ஒன்றிற்குச் சூட்டப்படும் புகழ்மாலையை எண்ணிப் பாருங்கள். மறக்கத்தக்கது என்பதா ஓர் ஆயுதத்தின் பெருமை?

மறதியின் விலை என்ன என்பதை 2014 டிசம்பரில் ஐடகோ மாநிலம் கண்டது. உரிமம் பெற்ற இளந்தாய் ஒருவர் தம் இரண்டு வயது மகனைத் தள்ளுவண்டியில் அமர்த்திப் பேரங்காடியில் பொருள் வாங்கிக்கொண்டிருந்தார். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த கைப்பை குழந்தையின் அருகில் இருந்தது. குழந்தையின் கை பைக்குள் சென்றது; தாய் அவ்விடத்திலேயே மாண்டார். அவர் கல்வியற்றவர் அல்லர். அணுவியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அறிவியலாளர். துப்பாக்கியைக் கையாளப் பழகியவர். எனவே, "முறையாகப் பயின்றவர்களிடம் இருந்தால் இடரில்லை" என்னும் வாதம் அந்தத் தள்ளுவண்டியின் அருகிலேயே விழுந்துவிட்டது. என் மாணவர் தம் அன்னையின் கைப்பையில் வைக்க விரும்பிய பொருளும் இதுதான்.

"பயிற்சி மிக்கவர் பலர் கூடியிருந்தால் தீயவனைத் தடுத்துவிடலாமே" என்பர் சிலர். 1981 மார்ச் 30ஆம் நாள் வாசிங்டனில் குடியரசுத் தலைவர் ரொனால்டு ரேகனைச் சூழ்ந்து நின்றவர்களைவிடத் தேர்ந்தவர் யார்? புள்ளி 22 அளவுடைய மலிவான சிறு சுழல்துப்பாக்கியோடு கூட்டத்தில் ஒருவன் நின்றான். ஏறத்தாழ இரண்டே நொடியில் ஆறு முறை சுட்டான், நால்வர் குண்டடிபட்டனர். சுற்றி நின்ற மெய்க்காவலரின் துப்பாக்கி ஒன்றுகூட அவனை நோக்கி வெடிக்கவில்லை. வெடிக்க நேரமும் இல்லை. தலைவரின் உயிரைக் காத்தவை எவை? அவரைக் காருக்குள் தள்ளிய ஒருவரின் கைகள். குறுக்கே நின்று தன் வயிற்றில் குண்டை ஏற்ற மற்றொருவரின் உடல். பிறகு மருத்துவரின் திறமை. உடனிருந்த செய்திச் செயலாளர் சேம்சு பிரேடி தலையில் காயமுற்று வாழ்நாள் முழுதும் ஊனத்தோடு வாழ்ந்தார். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை ஆராய வேண்டும் என 1993இல் வந்த சட்டம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மறுதரப்பின் வலிய வாதத்தையும் மறைத்தல் அறமன்று. உடல் வலிமை குன்றிய பெண்ணும் முதியவரும் வலியவனிடம் சிக்கும்போது இச்சிறு கருவி இருவரையும் நிகராக்குகிறது என்பர். காவலர் வந்து சேருமுன் கொலை முடிந்துவிடும் என்பர். இதில் உண்மை உண்டு. அவ்வாறு உயிர் பிழைத்தவர்களும் இருக்கின்றனர். அவர்தம் அச்சத்தை நான் எள்ளவில்லை.

ஆயினும், கணக்கை முழுமையாகப் பார்த்தல் வேண்டும். அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டில் மட்டும் எல்லா வகைத் துப்பாக்கிகளாலும் மாண்டோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் புகுந்தது துப்பாக்கியைப் பிடித்தவரின் உடலுக்குள்ளேதான். பகைவனுக்கென்று வாங்கிய கருவி, கடன் நெருக்கும் இரவிலும், மணவாழ்வு முறியும் நாளிலும், மனம் இருளும் வேளையிலும் எட்டிய தூரத்தில் காத்திருக்கிறது. கடந்துபோக வேண்டிய ஒரு வேளை, கடக்க முடியாத முடிவாகிவிடுகிறது. கள்வன் வாழ்நாளில் ஒரு முறை வரலாம், வராமலும் போகலாம். மனச்சோர்வோ எவர் வீட்டுக் கதவையும் தட்டும்.

எண்களில் அடங்காத இழப்பு இன்னொன்று உண்டு. நல்லவரின் சட்டைப்பைக்கும் தீயவரின் சட்டைப்பைக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. எல்லாரும் மறைத்து வைத்திருக்கலாம் என்றானபின் ஒருவர் பைக்குள் கைவிடுவதே மற்றவருக்கு அச்சமாகிறது. கைக்குட்டை எடுப்பவனும் கொலைஞனாகத் தோன்றுகிறான். அச்சத்தைப் போக்க வாங்கிய பொருள் ஊர் முழுவதற்கும் அச்சத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறது.

மறைத்த படைக்கலத்தின் கொடுமையைத் தமிழன் நெடுங்காலமாக அறிவான். கூடாநட்பைப் பற்றிப் பேசும் அதிகாரத்தில் வள்ளுவர், பகைவர் கூப்பிய கைக்குள்ளும் கொலைக்கருவி ஒளிந்திருக்கும் என எச்சரித்தார். திருக்கோவலூர் மன்னர் மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வந்த முத்தநாதன், ஆயுதத்தை மறைக்கத் தேர்ந்த இடம் புத்தகக் கட்டு. நூலைக் கையில் ஏந்தும் நமக்கு அந்தக் காட்சி சுடவில்லையா? 1948 சனவரி 30ஆம் நாள் மாலை தில்லியில் வழிபாட்டிற்கு நடந்துவந்த காந்தியடிகளின் முன் கைகூப்பி நின்றவன் மறைத்துக் கொண்டுவந்தது பெரெட்டா என்னும் சிறு கைத்துப்பாக்கி. மேலே கூறிய எல்.சி.பி. துப்பாக்கி ஏற்கும் தோட்டாவும் அதே வகையினதே.

நம் நாட்டு நிலையை எண்ணுவோம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றி எவரும் இங்குச் சுடுகலன் வைத்திருத்தல் இயலாது. குற்றச்செயலில் துப்பாக்கியால் சுடுவோருக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் மரண தண்டனையே விதித்தது. 2023இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டபின் தண்டனையை முடிவுசெய்யும் பொறுப்பு நீதிபதியிடம் விடப்பட்டுள்ளது. தண்டனையின் அளவைப் பற்றி இரு கருத்து இருக்கலாம். ஆனால், துப்பாக்கி அங்காடிச் சரக்காகிவிடக் கூடாது என்பதில் இந்நாடு காட்டும் உறுதியை நாம் குறைவாக மதிப்பிடலாகாது. என் மாணவரின் அன்னை தோளில் அடிபட்டார், பை போயிற்று, உயிரோடு வீடு திரும்பினார். பறித்தவர்களும் பறிகொடுத்தவரும் துப்பாக்கி ஏந்தும் ஊராக இருந்திருந்தால், அன்றைய கதை தோளோடு முடிந்திருக்குமா?

அவருக்கு நாம் கடன்பட்டது துப்பாக்கியன்று. எரியும் தெருவிளக்கும், நடப்பதற்குத் தனிப் பாதையும், ஒழுங்காகச் சுற்றிவரும் காவலரும், கூக்குரல் கேட்டதும் கதவைத் திறந்து ஓடிவரும் அண்டைவீட்டாரும் வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறுவது கடினம். சட்டைப்பையில் ஒன்றைச் செருகிக்கொள்வது எளிது. எளியது என்பதாலேயே அது விடையாகிவிடாது. பக்கத்து வீட்டாரின் பெயர்கூட அறியாமல் வாழ்ந்துகொண்டு பாதுகாப்பை ஒரு கருவியிடம் கேட்பது நம் குறையேயன்றிச் சட்டத்தின் குறையன்று.

இலக்கியப் பாடத்தில் வீரம் என்னும் சொல் வரும் நாளில் இதனை மாணவரோடு பேசுங்கள். மார்பில் விழுப்புண் ஏற்றவனைப் பாடிய மொழி நம்முடையது. மறைந்து நின்று எய்தது முறையா என்று வாலியை இராமனிடமே கேட்க வைத்தவர் நம் கம்பர். எவரும் அறியாதபடி பையில் மறைத்துத் தடவிப் பார்த்துக்கொள்ளும் இரும்புத் துண்டுக்கு அச்சம் என்றுதான் பெயர். அந்த அச்சத்தை நம் பிள்ளைகளின் சட்டைப்பைக்குள் நாம் இட்டு அனுப்பவேண்டா.

என் மாணவர் மீண்டும் வருவார். அன்று கேட்காமல் விட்ட கேள்வியை இம்முறை கேட்பேன். அதற்குமுன் அவருடைய அன்னையாரின் தோள் நலமா என்று வினவுவேன்.