முறையிட வேண்டிய இலக்கம் 1956!

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பஸ் வண்டியிற் செல்லும் தமிழன் வழிநெடுகத் தமிழைக் கண்டுகொண்டே செல்கிறான். வீதிப் பெயர்ப் பலகையில் தமிழ் உண்டு. பஸ் ஆசனத்தின் மேலும் தமிழ் உண்டு. அது என்ன தமிழ் என்பதுதான் கேள்வி. கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய ஆசனத்தின் மேலே ‘கர்ப்பிணி நாய்மார்’ என்று எழுதிவைத்த பஸ் வண்டி ஓடிய நாடு இது. ஓர் எழுத்துத்தானே பிழைத்தது என்பர் சிலர். அந்த ஓர் எழுத்தைப் பார்த்துத் திருத்துவதற்கு, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர்கூட அவ்வேலை நடந்த இடத்தில் இருக்கவில்லை என்பதே எமது முறைப்பாடு.

வீதியை விட்டுக் காரியாலயத்துக்குள் நுழைவோம். அண்மையில் நாம் அரசாங்கக் காரியாலயம் ஒன்றுக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் அனுப்பினோம். பதில் சிங்களத்தில் வந்தது. விளக்கம் கேட்க நேரிற் சென்றோம். முதலாம் மேசைக்காரர் இரண்டாம் மேசையைக் காட்டினார். இரண்டாம் மேசைக்காரர் தேநீருக்குப் போயிருந்தார். மூன்றாம் மேசையிலிருந்த அம்மையார் மிகுந்த பரிவுடன், “தமிழ் தெரிந்த மாத்தையா வியாழக்கிழமைதான் வருவார்” என்றார். அவர்மீது எமக்குக் கோபமில்லை. ஆனால், இந்நாட்டின் அரசியலமைப்பு அக்காரியாலயத்தில் வாரத்தில் ஒருநாள் மட்டுமே அமுலில் இருக்கிறது என்பதை அன்று அறிந்துகொண்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள பிரதேசத்திலும் ஒருவர் தமிழில் எழுதித் தமிழிற் பதில் பெறும் உரிமையை வழங்கியது. 2007ஆம் ஆண்டு ஜூலைக்குப் பின்னர் சேவையிற் சேரும் உத்தியோகத்தர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமெனச் சுற்றறிக்கையும் வந்தது. அந்த ஐந்து ஆண்டுகள் எப்பொழுதோ கழிந்துவிட்டன. சுற்றறிக்கை சுற்றிக்கொண்டே இருக்கிறது!

உலக அரசியல் எம்மவருக்குக் கைவந்த கலை. வெள்ளவத்தைத் தேநீர்க்கடை ஒன்றில் அரைமணி நேரம் அமர்ந்தால் உக்ரேனுக்கும் காஸாவுக்கும் தீர்வு கிடைத்துவிடும். உலகமும் எம்மை முற்றாக மறந்துவிடவில்லை. அவ்வப்போது கொழும்புக்கு வருகிறது. அது வரும்போதுதான் வீதிகளுக்கும் நற்காலம் பிறக்கிறது. 2013 நவம்பரிற் பொதுநலவாய மாநாடு. ஒக்டோபரிலேயே கட்டுநாயக்க அதிவேக வீதி திறந்தாயிற்று. விருந்தினருக்கு விரித்த பாயில் வீட்டுக்காரனும் படுக்கலாம். அதிற் குறைகாண மாட்டோம். ஆனால், விருந்தினர் வந்ததும் வீட்டுப் பிள்ளையை வெளியே அனுப்பிய கதையும் உண்டு. 2021 மே மாதத்திற் சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியுடன் அமைந்த இலத்திரனியல் நூலகம் திறக்கப்பட்டபோது, நினைவுப் பலகையிற் சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனமும் இருந்தது. தமிழ் இல்லை! மும்மொழிக் கொள்கை எண்ணிக்கையிற் பிசகவில்லை, ஆளைத்தான் மாற்றிவிட்டார்கள். கண்டனம் எழுந்த பின்னரே அப்பலகை அகற்றப்பட்டது. சட்டத்தைக் காக்கும் திணைக்களத்தின் சுவரிலேயே இந்த நிலையெனில், ஏனைய சுவர்களைப் பற்றிப் பேசவும் வேண்டுமோ?

இக்கதைக்கு ஒரு தொடக்கம் உண்டு. 1956 ஜூன் 5ஆம் நாள், தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத் திடலில் அமைதியாக அமர்ந்த தமிழர் தாக்கப்பட்டனர். அதே ஆண்டு நவம்பரில் பிரதமர் பண்டாரநாயக்க ஐ.நா. சபையிற் சூயஸ் பிரச்சினையில் எகிப்தின் உரிமைக்காகக் குரல் கொடுத்தார். தூரத்து நீதி அவர் கண்ணுக்குத் துலக்கமாகத் தெரிந்தது. எகிப்தினுட் புகுந்த படைகள் சில மாதங்களில் வெளியேறின. தனிச்சிங்களம் புகுந்த காரியாலயங்களிலிருந்து அது இன்னும் முற்றாக வெளியேறவில்லை.

பின்னாளில், மொழியுரிமை மீறப்பட்டால் முறையிடுவதற்கென அரசாங்கம் ஒரு தொலைபேசி இலக்கத்தை அறிவித்தது. அவ்விலக்கம் என்ன தெரியுமா? 1956! நோய் பிறந்த ஆண்டையே மருந்துப் போத்தலின் மேல் ஒட்டிய வைத்தியரை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

வன்னியில் வயல் செய்யும் அன்பர், இது கொழும்பு உத்தியோகத்தரின் கவலை என்று எண்ணிவிடலாகாது. காணிப் பிணக்கும் ஓய்வூதியமும் மேன்முறையீடும் ஈற்றிற் கொழும்பு மேசைக்கே வந்து சேர்கின்றன. பொலிஸ் நிலையத்தில் தமிழன் தமிழிற் சொன்ன வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட, தன்னால் வாசிக்க முடியாத தாளில் அவன் ஒப்பமிட்ட சந்தர்ப்பங்கள் எத்தனை! அங்கே பிழைப்பது எழுத்தன்று, மனிதனின் வாழ்வு.

குற்றம் முழுவதையும் பிறர்மீது சுமத்தவும் எமது மனம் ஒப்பவில்லை. படித்த தமிழராகிய நாம் படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பி, வரிசையில் முன்னே சென்று, காரியம் முடித்து வீடு திரும்புகிறோம். ஆங்கிலமறியாத தமிழன் பின்னால் நிற்பதை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. எவரும் தமிழில் எழுதுவதில்லையே, தமிழ் அறிந்த இலிகிதர் எதற்கு என்று நாளை மேலதிகாரி கேட்டால், அதற்கு வேண்டிய சான்றை நாமே எழுதிக் கொடுத்தவராவோம்.

ஆகவே, இனித் தமிழில் எழுதுவோம். பதில் தமிழில் வராவிடின் திருப்பி அனுப்புவோம். முறைப்பாட்டின் பிரதியைப் பத்திரப்படுத்துவோம். வாசித்து விளங்காத தாளில் ஒப்பமிட மறுப்போம். நாம் கேட்பது சலுகையன்று, எழுதப்பட்ட சட்டம். அது வியாழக்கிழமை மட்டுமன்றி, திங்கள் முதல் வெள்ளி வரையிலும் மேசையில் இருக்கவேண்டும்.