ஞாபகத்தின் கிளையாறுகள்

தஞ்சைச் சீமையில் வயோதிகர் ஒருவருக்கு மறதி கண்டுவிட்டால், "அவருக்கு இனி ஒன்றும் தெரியாது" என்று வீட்டார் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பின் மீது அப்பீல் செய்துகொள்ளவே இவ்வாரம் நாம் பேனாவை எடுத்தோம்.

காலையில் இட்டிலி உண்டதை மறந்து, "எனக்கு இன்னும் பலகாரம் வரவில்லையே" என்று கேட்கும் பாட்டி, மார்கழி வாசலில் சிக்குக் கோலத்தை ஓர் இழை பிசகாமல் போட்டு முடிக்கிறாள். பேரன் பெயர் தெரியாமல் விழிக்கும் தாத்தா, முதலடியை எடுத்துக் கொடுத்தால் தேவாரப் பதிகத்தைப் பாடிவிடுகிறார். இது பாசாங்கு என்று சிலர் எண்ணுகிறார்கள். பாசாங்கு அன்று.

கல்லணையைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வந்து சேரும் வெள்ளம் அங்கே கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, 1934-ல் திறக்கப்பட்ட புது ஆறு என்று பிரிகிறது. ஒரு மதகை அடைத்தால் மற்றவை வற்றிவிடுவதில்லை. ஞாபகமும் அவ்வாறே.

1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு, வலிப்பு நோயைத் தணிப்பதற்காக, மூளையின் இரு புறத்திலும் ஹிப்போகாம்பஸ் என்னும் கடற்குதிரை உருவான பகுதியில் பெரும்பாகத்தை அகற்றினார்கள். வலிப்புக் குறைந்தது, ஆனால் அதன்பின் நடந்த சம்பவங்கள் அவர் மனத்தில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற அம்மையார், கண்ணாடியில் பார்த்தபடியே நட்சத்திரம் வரைய அவரைப் பழக்கினார். மூன்று நாட்களில் கை தேர்ந்துவிட்டது. பழகியதே அவருக்கு நினைவில்லை! சம்பவ ஞாபகம் வேறு, கைப்பழக்கம் வேறு என்பது இதனால் ருஜுவாயிற்று.

நாற்று நடும் பெண்ணின் விரலும், தவில்காரரின் கையும் கற்றவை மூளையின் அடியிலுள்ள நரம்பு முடிச்சுகளையும் சிறுமூளையையும் நம்பி நிற்கின்றன. டோபமின் என்னும் ரஸாயனம் அதற்குத் துணை. திகில் தோய்ந்த நினைவுகளை, நாரட்ரினலின் உதவியுடன், வாதுமைப் பருப்பு வடிவான அமிக்டலா ஆழப் பதிக்கிறது. 2018-ல் கஜா புயல் வீசிய இரவை வேதாரண்யத்தார் மறவாத காரணம் இதுவே.

1906-ல் அல்ஸைமர் என்ற ஜெர்மானிய வைத்தியர் எடுத்துரைத்த மறதி நோய், பெரும்பாலும் ஹிப்போகாம்பஸின் அண்டையிலேயே முதலில் கை வைக்கிறது. அசிடைல்கோலின் என்னும் ரஸாயனமும் குறைகிறது. ஆகவே நேற்றைய சங்கதி முதலில் போகிறது. பழைய பாட்டும் கைப்பழக்கமும் நெடுநாள் நிற்கின்றன. நம் தேசத்தில் 60 வயது கடந்தோரில் 100-க்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டது. இது ஏதோ ஒரு வீட்டுச் சங்கடம் அல்ல.

ஆதலால் முதற்கண் வைத்தியரிடம் செல்லவேண்டும். பி12 சத்துக் குறைவாலும் தைராய்டுக் கோளாறாலும் வரும் மறதியைப் பெரும்பாலும் சீர்ப்படுத்தலாம். அல்ஸைமருக்கோ, அசிடைல்கோலினைக் காக்கும் மருந்து சிலருக்குச் சிலகாலம் ஆறுதல் தருமேயன்றி நோயைத் தீர்க்காது. மற்றது வீட்டார் கையில் இருக்கிறது. "காலையில் என்ன சாப்பிட்டாய், சொல்!" என்று பாட்டியைக் குறுக்கு விசாரணை செய்வதால் கண்ணீர்தான் மிச்சம். கோலப்பொடியை அவள் கையில் கொடுங்கள். தாத்தாவுக்கு முதலடியை எடுத்துக் கொடுங்கள்.

அடைந்த மதகோடு சண்டை பிடிப்பதை விட்டு, நீர் ஓடும் வாய்க்காலில் பாய்ச்சிக்கொள்வதே விவசாயியின் விவேகம்.