எடுக்கும் கணக்கு ஊருக்கும் வரவேண்டும்

கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரப் பொதுமக்களுக்கு, இவ்வூர்களில் குடியிருப்போர் சிலர் சேர்ந்து விடுக்கும் வேண்டுகோள் இது.

நம் வட்டாரத்தைப் பற்றி அரசிடம் இருக்கும் கடைசி முழுக் கணக்கு 2011-இல் எடுத்தது. ராஜபாளையம் நகராட்சியில் 1,30,442 பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,396 பேர் என்றது அது. 2021-இல் வந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவில் தடைபட்டு, பிறகும் தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்லுங்கள் என்பது எங்கள் முதல் வேண்டுகோள். அதில் வாதிட ஏதுமில்லை. இரண்டாவதற்குத்தான் வாதம் தேவைப்படுகிறது. கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் நிறுவனம் இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். சுற்றுவட்டாரத்தில் வேறு கல்லூரிகளும் உண்டு. இவற்றின் ஆசிரியர்களும் மாணவர்களும் வீடு, குடிநீர், மருத்துவம், குழந்தைகள் மையம் ஆகியவை பற்றித் தெருத்தெருவாக ஆய்வு செய்ய வேண்டும். நாம் அவர்களுக்குக் கதவைத் திறக்க வேண்டும். முடிவு நம் கைக்கும் வரவேண்டும்.

அரசே கணக்கெடுக்கும்போது கல்லூரி எதற்கு என்று கேட்கலாம். அரசின் வீட்டுப் பட்டியல் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும். எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்காது. சொந்த வீடா வாடகை வீடா என்று கேட்கும். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்காது. பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு எதில் ஏறிப் போனார்கள் என்பது அந்தப் படிவத்தில் இல்லவே இல்லை. நாடு முழுமைக்குமான கணக்கு அப்படித்தான் இருக்க முடியும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், மின் இணைப்பு இவற்றைக் கூட்டிப் பார்த்தால் போதாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். நூற்பாலை வேலைக்கு வெளியூரிலிருந்தோ வெளிமாநிலத்திலிருந்தோ வந்தவருக்கு ஓட்டு சொந்த ஊரில் இருக்கும். காம்பவுண்டு வீட்டில் குடியிருப்பவருக்கு மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். விடுதியிலும் வாடகை அறையிலும் தங்கிப் படிப்பவர்கள் கார்டு எதிலும் இங்கே இருக்க மாட்டார்கள். இத்தனை பேரும் குடிப்பது நம் ஊர்த் தண்ணீரைத்தான்.

இது புதிய யோசனையும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கில் தம் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களின் நிலம், கடன், சாப்பாடு, வீடு எல்லாவற்றையும் கணக்கெடுத்தார். அவற்றில் ஒன்று நம் சிவகாசிப் பக்கத்து வடமலாபுரம். 1930-களில் பல்கலைக்கழகத்தார் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பிலும் வடமலாபுரம் மறுஆய்வு செய்யப்பட்டது. ஒருமுறை எடுத்த கணக்கு புகைப்படம் மாதிரி. அப்போதைய முகம் மட்டுமே தெரியும். மூன்று தலைமுறையாகத் திரும்பிப் போனதால்தான் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கூலி வேலை எப்படி மாறியது என்று பேச முடிந்தது. ஆனால் ஸ்லேட்டரின் தொகுப்பு 1918-இல் ஆங்கிலத்தில் அச்சானது. அன்றைய வடமலாபுரத்தில் அதைப் படித்திருக்கக் கூடியவர்கள் எத்தனை பேர்? அந்தத் தவறை நாம் மறுபடியும் செய்ய வேண்டியதில்லை.

"பசங்களுக்கு மார்க் கிடைக்கும், நமக்கு என்ன கிடைக்கும்?" என்ற கேள்வி நியாயமானது. அதைவிடக் கனமானது புறம்போக்கில் வீடு கட்டியிருப்பவரின் பயம்: இன்று எழுதிக்கொண்டு போவார்கள், நாளை நோட்டீஸ் வரும். அதைத் தெரியாமை என்று நாங்கள் தள்ளமாட்டோம். அரசுக் கணக்கெடுப்புக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காவல் இருக்கிறது. வீட்டில் சொன்னதை வேறு வழக்கில் சாட்சியமாக்க முடியாது. கல்லூரி ஆய்வுக்கு அந்தக் காவல் இல்லை. ஆகவே அதை நாமே நிபந்தனையாக வைக்க வேண்டும். பெயர், கதவு எண், பட்டா விவரம் ஆகியவை பதில் தாளில் வரக்கூடாது. வீட்டுவாரித் தாள் எந்த அலுவலகத்துக்கும் போகக்கூடாது. தெருவாரிக் கூட்டுத்தொகை மட்டுமே வெளியே வரவேண்டும். பதில் சொல்ல மறுப்பவரை வற்புறுத்தக்கூடாது.

இன்னொரு சந்தேகம் கிருஷ்ணன்கோவில் போன்ற ஊராட்சிப் பகுதிகளில் எழும். கணக்கெடுத்து 'இது டவுன்தான்' என்று காட்டிவிட்டால் வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்பார்கள். 5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளரில் முக்கால்வாசிப் பேர் விவசாயமல்லாத வேலையில் என்று இருந்தால் ஓர் ஊரை நகரம் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எழுதிக்கொள்ளும். அதனாலேயே ஊராட்சி நகராட்சி ஆகிவிடாது. அது மாநில அரசின் முடிவு. தமிழ்நாட்டில் 2004-இல் 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைக் கிராம ஊராட்சிகளாக்கி, 2006-இல் திரும்பவும் பேரூராட்சிகளாக்கினார்கள். பெயர்ப்பலகை மாறியதே தவிர, அங்கே சாக்கடையின் அளவு மாறவில்லை. ஆனாலும் பலகையில் இருப்பதைப் பொறுத்தே திட்டம் வருகிறது: கிராமத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர், பாதாள சாக்கடையுள்ள நகரத்துக்கு 135 லிட்டர். நெடுஞ்சாலை ஓரத்து மாடி வீட்டுக்கும் உள்ளே தோப்பு வீட்டுக்கும் ஒரே அளவு சரியா என்பதைத் தெருவாரிக் கணக்கு இல்லாமல் எப்படி வாதிடுவது? வரி ஏறும் என்ற பயத்துக்கும் இதே பதில்தான். நாளை மாநில அரசு ஊரைத் தரம் உயர்த்த நினைத்தால், வேண்டும் என்று சொல்லவும் வேண்டாம் என்று சொல்லவும் நம் கையில் ஒரு கணக்கு இருக்கவேண்டும்.

கல்லூரிகளிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. கேள்வித்தாளை வீடுவீடாக எடுத்து வருமுன் ஊராரிடம் காட்டுங்கள். முடிவைத் தமிழில், நாலு பக்கத்துக்குள், எடுத்த ஆறு மாதத்தில் ஊர்க்கூட்டத்தில் வாசியுங்கள். ஐந்து வருடம் கழித்து அதே தெருக்களுக்குத் திரும்பி வாருங்கள். இந்த நிபந்தனைகளை ஏற்று வரும் மாணவருக்குக் கால்மணி நேரம் ஒதுக்குங்கள் என்று பொதுமக்களாகிய உங்களை வேண்டுகிறோம். ஊராட்சிகளில் இருப்போர் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் ஏதேனும் ஒன்றிலும், நகராட்சிகளில் இருப்போர் தங்கள் வார்டின் பகுதி சபையிலும் இதைத் தீர்மானமாக எழுதவைத்து, அதன் நகலைக் கல்லூரி முதல்வருக்கும் துணைவேந்தருக்கும் அனுப்புங்கள்.